வீரரை ஏலத்தில் விடுமுன்: விலை ஒப்பீட்டுக் கருவியைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இணையக் கால்பந்து மேலாளர் ஆட்டங்களை, அதாவது திரையில் ஒரு கற்பனைக் கிளப்பை நடத்தி வீரர்களை வாங்கி விற்கும் ஆட்டங்களை, புதிதாக ஆடத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இந்த வீரர் எவ்வளவுக்குப் போவார்?" எந்த அமைப்பில் அணியை நிறுத்துவது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்பதெல்லாம் பிறகுதான் வரும். சரியான கேள்வி அது. கையில் காசு இல்லாத சிறு அணி மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கு வீரர் சந்தையைவிட நல்ல ஏணி இந்த ஆட்டங்களில் கிடையாது.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை பழைய ஆட்டக்காரர்களின் தலைக்குள் இருந்தது. எந்த வயதில், எந்தத் திறனுக்கு, எந்த மாதத்தில் என்ன விலை போகும் என்று அவர்கள் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர் தன் இளையோர் அணியிலிருந்து கிடைத்த நல்ல பையனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, விற்றதே தெரியாமல் மகிழ்ச்சியாக இருப்பார். இப்போது விலை ஒப்பீட்டுக் கருவி வந்துவிட்டது. ஆட்டத்துக்குள்ளேயே சிலவற்றில் இருக்கிறது. வெளியே தனி இணையதளமாகவும் உலாவியில் சேர்க்கும் நீட்டிப்பாகவும் சிலவற்றுக்கு இருக்கிறது. வீரரின் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அவரைப் போன்றவர்கள் அண்மையில் என்ன விலைக்குப் போனார்கள் என்று காட்டிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி நீங்கள் ஏமாறாமல் காக்கும். அதற்காகவே எல்லாப் புதியவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரியும் எண் எதிரே ஏலம் கேட்பவருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே எண்ணைப் பார்க்கும் சந்தையில், அந்த எண் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விஷயங்களில்தான் லாபம் மிச்சம் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

எடுத்துக்காட்டுகளை ஹாட்ரிக் ஆட்டத்திலிருந்து அதிகம் எடுத்திருக்கிறேன். 1997இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆட்டம் அது. இந்த வகை ஏலச் சந்தையைக் கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வேறு ஆட்டம் ஆடினாலும் முறை பொருந்தும். விதிகளை மட்டும் உங்கள் ஆட்டத்தின் உதவிப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சந்தையின் விதியைப் படியுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஹாட்ரிக்கில் வீரரை விற்பனைப் பட்டியலில் போட்டால் ஏலம் மூன்று நாள் நடக்கும். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. கேட்ட விலையையும் திரும்பப் பெற முடியாது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் யாராவது விலை கேட்டால், அந்த நொடியிலிருந்து இன்னும் மூன்று நிமிடம் நீளும். ஆகவே கடைசி நொடியில் புகுந்து தட்டிச் செல்வது அங்கே நடக்காது. யார் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறாரோ அவருக்கே வீரர்.

இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்ற கால்பந்து ஆட்டத்தில், வீரர்களை அட்டைகளாக வாங்கி அணி சேர்க்கும் அல்டிமேட் டீம் பகுதியின் சந்தை வேறு மாதிரி. அங்கே ஏலத்தோடு 'உடனே வாங்கும் விலை' என்று ஒன்றும் உண்டு. பெரும்பாலான வியாபாரம் அதில்தான் நடக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு வீரர் அட்டைக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் வைத்திருக்கிறார்கள். கணினியில் ஆடுபவர்களின் சந்தை தனி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆட்டக்காரர்களின் சந்தை தனி. கருவியின் மூலையில் எந்தத் தளம் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் விலையை நம்பினால் அடுத்த ஊர்ச் சந்தை விலைக்கு இங்கே பேரம் பேசுவதாக முடியும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், கருவி எந்த விலையைக் காட்டுகிறது என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஏலச் சந்தையில் அது பெரும்பாலும் முடிந்த விற்பனையின் விலை. உடனே வாங்கும் சந்தையில் அது பல நேரம் இப்போது பட்டியலில் இருப்பவற்றில் மிகக் குறைந்த விலை, அதாவது ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது வேறு சங்கதி. உங்கள் கருவி காட்டுவது விற்ற விலையா, கேட்கும் விலையா என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டு பிறகு மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: ஒற்றை எண்ணைப் பார்க்காமல் பட்டியலைத் திறங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்தார். "அண்ணா, ஒப்பீட்டில் மூன்று லட்சம் காட்டுகிறது. தொடக்க விலையே மூன்று லட்சம் வைத்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்றார்.

"தம்பி, அந்த மூன்று லட்சத்தை யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்தாயா?" என்று கேட்டேன்.

பட்டியலைத் திறந்தோம். பதினெட்டு வயது, நடுக்களத் திறன் 7 என்ற வகையில் ஏழு விற்பனைகள் இருந்தன. ஆட்டப் பணத்தில் 1,80,000, 2,10,000, 2,20,000, 2,30,000, 2,40,000, 2,50,000, கடைசியாக ஒன்று 7,90,000. கூட்டி ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 3,03,000. இதுதான் அவர் பார்த்த சராசரி. ஏழு பேரில் ஆறு பேர் இரண்டரை லட்சத்தைத் தாண்டவே இல்லை. மூன்று லட்சத்துக்கு அருகில் ஒருவர்கூட விற்கவில்லை.

பள்ளியில் கூட்டுச் சராசரி, இடைநிலை என்று படித்தோமே, அது இங்கே சோறு போடுகிறது. விலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 2,30,000. அந்த மாணவரின் வீரருக்கு நியாயமான எதிர்பார்ப்பு அதுதான். பெரும்பாலான நல்ல கருவிகள் இரண்டையும் காட்டும். இரண்டும் அருகருகே இருந்தால் சந்தை சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். சராசரி மட்டும் எகிறி நின்றால் பட்டியலில் ஒரு தனி ரகம் ஒளிந்திருக்கிறது.

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியின் ஏல நிலவரத்தை நம் ஊர்ப் பதிப்புகளில் படித்திருப்பீர்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி என்று கிலோவுக்கு மூன்று விலை போடுவார்கள். கூடு வளர்ப்பவர் யாரும் அந்தச் சராசரியைப் பார்த்து "இது எனக்கு வரும்" என்று கணக்குப் போடுவதில்லை. தன் கூட்டின் ஈரம், கனம், கழிவு எவ்வளவு, அன்றைக்கு நூற்பாளர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், கர்நாடகத்தின் ராமநகரப் பட்டுக்கூடு சந்தையில் என்ன போனது என்று பார்த்துத்தான் மனதில் ஒரு விலை வைக்கிறார். அதே பழக்கத்தை இங்கே கொண்டுவாருங்கள்.

அந்த 7,90,000 யார் என்றும் பார்த்தோம். அவருக்கு வயது பதினெட்டும் நான்கு நாளும். சிறப்புத் திறன் ஒன்று இருந்தது. பந்தைக் கடத்திக் கொடுக்கும் திறனும் நன்றாக இருந்தது. நம் மாணவரின் வீரர் பத்தொன்பதைத் தொடப்போகிறவர். சிறப்புத் திறன் இல்லாதவர். கருவிக்கு இருவரும் ஒரே பெட்டி.

மூன்றாம் படி: விற்காமல் திரும்பியவர்களையும் எண்ணுங்கள்

புதியவர்கள் ஏறக்குறைய யாரும் செய்யாத வேலை இது. விற்பனையை அடிப்படையாகக் கொண்ட கருவியில் விற்காதவர்கள் வருவதில்லை. பத்துப் பேர் ஏலத்துக்கு வந்து நான்கு பேர் போயிருந்தால், அந்த நான்கு விலை மட்டும்தான் கணக்கில் சேரும். ஆறு பேருக்கு அந்த விலையில் ஆளே இல்லை என்ற செய்தி காணாமல் போய்விடுகிறது. எனவே விலை சரியும் காலத்தில் கருவி எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

இதைச் சரிசெய்ய எளிய வழி: உங்கள் வீரரைப் போன்றவர்களைத் தேடல் பக்கத்தில் தேடி, இப்போது ஏலத்தில் இருக்கும் சிலரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து அவர்கள் பக்கத்துக்குப் போய் யார் விற்றார், யார் விற்கவில்லை, தொடக்க விலை என்ன என்று பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கருவியின் எண்ணை எவ்வளவு கழித்துப் படிக்க வேண்டும் என்பது கைவந்துவிடும்.

விற்பனைத் தேதிகளையும் பாருங்கள். இரண்டு மாதம் முந்தைய விற்பனையும் நேற்றைய விற்பனையும் ஒரே பட்டியலில் இருந்தால், பழையதை மனதுக்குள் அடித்துவிடுங்கள். மூன்று நான்கு விற்பனை மட்டுமே இருந்தால் அந்தச் சராசரிக்கு மதிப்பே கிடையாது. வயதை ஒன்று கூட்டியும் குறைத்தும், திறனை ஒரு நிலை ஏற்றியும் இறக்கியும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்து நடுவில் ஊகிப்பதே மேல்.

நான்காம் படி: பெட்டிக்குள் இருக்கும் வேறுபாட்டைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய பகுதி இதுதான். வாங்குபவருக்குப் பணம் மிச்சமாவதும் விற்பவருக்குக் கூடுதலாக வருவதும் இங்கேதான்.

ஹாட்ரிக்கில் திறன் முழு நிலைகளாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே அது பின்னமாக வளர்கிறது. போன வாரம் 6இலிருந்து 7க்கு ஏறியவரும், அடுத்த வாரம் 8க்கு ஏறப்போகிறவரும் திரையில் ஒரே 7தான். கருவியும் இருவரையும் 7 என்றே சேர்க்கிறது. அதனால் இருவருக்கும் ஏலம் ஒரே விலையை ஒட்டியே போகிறது. இரண்டாமவரை 7இன் விலைக்கு வாங்கி, ஓரிரு வாரம் பயிற்சி கொடுத்தால் 8இன் விலைக்கு வந்துவிடுகிறார்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? டி.எஸ்.ஐ. என்ற மொத்தத் திறன் குறியீடு உதவும். ஒரே வயது, ஒரே முதன்மைத் திறன், ஏறக்குறைய ஒரே ஃபார்ம், ஒரே தாக்குப்பிடிக்கும் திறன் உள்ள ஐந்தாறு பேரை வரிசைப்படுத்துங்கள். துணைத் திறன்களும் ஒத்திருக்க வேண்டும். அவர்களில் டி.எஸ்.ஐ. தெளிவாகக் கூடுதலாக இருப்பவர் பின்னத்தில் மேலே இருக்கிறார் என்று ஊகிக்கலாம். ஃபார்ம் ஏறினாலும் டி.எஸ்.ஐ. ஏறும் என்பதால் அதைச் சரிபார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கோல்கீப்பர்களுக்கு இந்தக் குறியீடு வேறு அளவில் ஓடுகிறது. மற்ற வீரர்களோடு அவர்களை ஒப்பிடவே கூடாது. சம்பளமும் ஒரு துப்பு: அது திறனை ஒட்டியே நிர்ணயமாகிறது. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவருக்கு 20 சதவீதம் கூடுதல் சம்பளம் என்பதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது வயது. ஹாட்ரிக்கில் ஒரு வீரரின் ஆண்டு 112 நாள், அதாவது பதினாறு வாரம் கொண்ட ஒரு பருவம். பதினெட்டும் மூன்று நாளும் ஆனவருக்கும் பதினெட்டும் நூற்றுப்பத்து நாளும் ஆனவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவத்தின் பயிற்சி இருக்கிறது. இளைய வயதில் பயிற்சி வேகமாக ஏறும் என்பதால் இந்த வேறுபாடு பெரிய பணம். கருவி வயதை ஆண்டால் மட்டும் பிரித்தால், பிறந்தநாள் முடிந்த கையோடு இருப்பவரை வாங்குங்கள். பிறந்தநாள் நெருங்குபவரைத் தள்ளிப்போடாமல் விற்றுவிடுங்கள். 18 என்பது 19 ஆன மறுநாளே அவர் வேறு பெட்டிக்குப் போய்விடுவார். விலையும் படி இறங்கும்.

சிறப்புத் திறன், துணைத் திறன், அனுபவம், தலைமைப் பண்பு, காயம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதில் எதைக் கருவி வடிகட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். அது விட்டுவிடும் அம்சம் உங்கள் வீரரிடம் இருந்தால் இடைநிலை விலைக்கு மேலே நம்பிக்கையோடு எதிர்பாருங்கள். நீங்கள் வாங்க நினைப்பவரிடம் இருந்தால் சத்தம் போடாமல் ஏலத்தின் கடைசியில் வந்து சேருங்கள்.

கிளப் பற்று என்றும் ஒன்று உண்டு. நீண்ட நாள் ஒரே அணியில் இருப்பவர் அதனால் கூடுதலாக ஆடுவார். அணி மாறியதும் அது போய்விடும். எனவே உங்கள் மைதானத்தில் நட்சத்திரமாக ஆடுகிற பழைய வீரருக்கு ஏலத்தில் அந்த ஆட்டத்தின் விலை கிடைக்காது. பாசம் வைத்த வீரரை விற்கும்போது பலர் ஏமாற்றமடைவது இதனால்தான். அவரைப் போன்றவர்களை அணியிலேயே வைத்துக்கொள்வது பணக் கணக்கிலும் சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்தாம் படி: கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

கருவி காட்டுவது ஏலம் முடிந்த விலை. அதில் உங்களுக்கு வருவது குறைவு. ஹாட்ரிக்கில் முகவருக்கு ஒரு பங்கு போகும்; வீரர் உங்களிடம் எவ்வளவு குறைந்த நாள் இருந்தாரோ அவ்வளவு அதிகம் பிடிப்பார்கள். காலையில் வாங்கி மாலையில் விற்கும் வியாபாரத்தைத் தடுக்கவே அந்த விதி. வீரர் வளர்ந்த கிளப்புக்கும் முந்தைய கிளப்புக்கும் சிறு பங்கு உண்டு. அல்டிமேட் டீமில் விற்ற விலையில் 5 சதவீதம் பிடிக்கிறார்கள்: ஒரு லட்சத்துக்கு வாங்கிய அட்டையை ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு விற்றாலும் நட்டம்தான், சுமார் 1,05,300 வந்தால்தான் கை கடிக்காது.

வாங்கும்போது பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். எட்டு வாரம் பயிற்சி கொடுத்தால் 3,20,000 போகும் என்று ஒப்பீடு சொல்கிறது என்று வையுங்கள். பிடித்தம் ஏறக்குறைய பத்து சதவீதம் என்று வைத்தால் 32,000. வாரச் சம்பளம் 2,000 என்றால் எட்டு வாரத்துக்கு 16,000. மிச்சம் 2,72,000. உங்களுக்கு 30,000 நிற்க வேண்டும் என்றால் உங்கள் உச்ச வரம்பு 2,42,000. இந்த எண்ணை ஏலம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஏலத்தின் சூட்டில் கணக்குப் போட்டால் எதிரே இருப்பவரின் பிடிவாதம் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். பலர் கேட்கும் ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அந்த வீரரை அளவுக்கு மீறி மதிப்பிட்டவர்தான்.

ஆறாம் படி: நேரத்தைப் பயன்படுத்துங்கள்

தருமபுரியில் உட்கார்ந்து ஆடுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹாட்ரிக் போன்ற ஆட்டங்களில் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன் நேரத்தைவிட நாம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். நமக்குக் காலை எட்டு மணி ஆகும்போது அங்கே விடியற்காலை மூன்றரையோ நாலரையோதான். அந்த நேரத்தில் முடியும் ஏலங்களுக்குக் கேட்பவர்கள் குறைவு. கருவி காட்டும் இடைநிலையைவிடக் குறைவாக நல்ல வீரர்கள் போவது அப்போதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

விற்பதற்கு நேர்மாறு. ஏலம் சரியாக மூன்று நாள் ஓடும் என்பதால், நீங்கள் பட்டியலில் போடும் நேரமே முடியும் நேரம். நம் நேரம் இரவு பதினொன்றரைக்குப் போட்டால் மூன்றாம் நாள் அதே பதினொன்றரைக்கு முடியும். அப்போது அங்கே மாலை ஏழோ எட்டோ ஆகியிருக்கும், வேலை முடித்து எல்லோரும் திரை முன்னால் இருப்பார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு நினைவு வந்தவுடன் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அங்கே அப்போது மதியம், எல்லோரும் வேலையில். அந்த ஐந்தரை மணி நேரம் காத்திருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கடைசி மூன்று நிமிடத்தில் போட்டி வந்தால் இணைப்பு அறுபடக் கூடாது. தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரிய ஏலத்தில் நிற்காதீர்கள். உச்ச வரம்பு கொடுத்துவிட்டால் தானாகவே கேட்கும் வசதி உங்கள் ஆட்டத்தில் இருந்தால் ஐந்தாம் படியில் எழுதிய எண்ணை அதில் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

எல்லோரும் ஒரே எண்ணைப் பார்த்தால் என்ன ஆகிறது

படிகளுக்கு நடுவே இதையும் புரிந்துகொள்வது நல்லது; கருவி சந்தையைப் பார்ப்பதோடு நிற்காமல் சந்தையையே மாற்றிவிடுகிறது.

முதல் மாற்றம், விலைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒரே வகை வீரர் ஒருவரிடம் ஒரு லட்சத்துக்கும் இன்னொருவரிடம் மூன்று லட்சத்துக்கும் போவது அரிதாகிறது. மலிவாக வாங்கி உடனே விற்றுப் பிழைத்தவர்களுக்கு வழி அடைபடுகிறது. புதியவர்களுக்கு இது நல்ல செய்தி, நியாயமான செய்தியும்கூட. நீண்ட நாள் ஆடியவர்களின் தகவல் ஆதிக்கம் குறைந்து, வீரரை உண்மையில் வளர்ப்பவருக்குக் கூலி கிடைக்கிறது.

இரண்டாவது, இடைநிலை விலை இரண்டு பக்கமும் சுவராகிவிடுகிறது. வாங்குபவர் அதற்கு மேல் போக மறுக்கிறார்; விற்பவர் அதற்குக் கீழே தொடங்க மறுக்கிறார். நடுவில் ஏலமே நடப்பதில்லை. இந்தச் சுவரை உடைக்க வேண்டியவர் விற்பவர்தான். கருவி பத்துக்கு மேற்பட்ட அண்மை விற்பனைகளைக் காட்டினால், இடைநிலையில் பாதிக்குச் சற்று மேல் தொடக்க விலை வையுங்கள். பலர் கவனிக்கும் வகை என்பதால் விலை தானாக ஏறும். குறைந்த தொடக்க விலை அதிகம் பேரை உள்ளே இழுக்கும். விற்பனை குறைவான அரிய வகை என்றால் இந்தத் துணிச்சல் வேண்டாம். எதற்குக் கீழே போனால் விற்காமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பீர்களோ அதையே தொடக்க விலையாக வையுங்கள்.

மூன்றாவது மாற்றம் மெதுவாக வருவது, ஆனால் அதிகம் அடிப்பது. எந்த வகை வீரருக்கு நல்ல விலை என்று கருவி எல்லோருக்கும் காட்டுவதால் எல்லோரும் அந்த வகைக்கே பயிற்சி கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஒன்றிரண்டு பருவத்தில் அதே வகை வீரர்கள் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறார்கள்; விலை சரிகிறது. வளர்க்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இன்றைய விலையைப் பார்த்து இன்றைக்குப் பயிற்சியை மாற்றுபவர் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறார். பயிற்சியின் வகையை உங்கள் அணியின் தேவையை வைத்துத் தீர்மானியுங்கள். விலை இறங்கியிருக்கும் வகையை வாங்கி வளர்க்கப் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது.

எல்லை தாண்டாதீர்கள்

வெளிக் கருவி உங்கள் ஆட்டக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். ஹாட்ரிக்கில் சி.எச்.பி.பி. என்ற அங்கீகாரம் பெற்ற கருவிகள் உங்களை ஆட்டத்தின் சொந்தப் பக்கத்துக்கே அனுப்பி அங்கே அனுமதி வாங்கும். கடவுச்சொல் அவற்றின் கைக்குப் போகாது.

நண்பனின் வீரரை வேண்டுமென்றே அதிக விலைக்கு வாங்கி அவனுக்குப் பணம் அனுப்புவது ஏமாற்று. ஒப்பீட்டுக் கருவி நிர்வாகிகளிடமும் இருக்கிறது; இரண்டு லட்சத்து வீரர் இருபது லட்சத்துக்குப் போனால் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். ஹாட்ரிக்கில் ஒரே கணினியைப் பகிரும் இரண்டு அணிகள் தங்களுக்குள் வீரர் வியாபாரம் செய்யவே கூடாது. விடுதி அறையில் ஒரே லேப்டாப்பில் ஆடுபவர்களும், அண்ணன் தம்பியாக ஒரே வீட்டில் ஆடுபவர்களும் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ஆட்டப் பணத்தை உண்மையான ரூபாய்க்கு வாங்குவதும் விற்பதும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான ஆட்டங்களில் அது கணக்கையே முடக்கும் குற்றம். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் நாடு முழுவதும் தடைசெய்கிறது. வீரர் அட்டைக்கு ரூபாயில் விலை சொல்லி, பிறகு லாபத்தோடு பணமாக எடுக்கலாம் என்று யாராவது அழைத்தால் விலகிவிடுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக் காசை இதில் தொலைப்பதைக் காண எனக்கு மனமில்லை.

விற்காமல் திரும்பி வந்தால்

ஏலம் முடிந்து ஒருவரும் கேட்கவில்லை என்றால் உடனே மறுபடியும் அதே விலைக்குப் போடாதீர்கள். முதலில் முடிந்த நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் தூங்கும் நேரமாக இருந்திருந்தால் விலையை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். நேரம் சரியாக இருந்திருந்தால் தேடல் பக்கத்துக்குப் போய், அதே நாளில் உங்கள் வீரரைவிடச் சற்று நல்லவர் குறைந்த தொடக்க விலையில் இருந்தாரா என்று பாருங்கள். இருந்திருந்தால் அவர் போன்றவர்கள் தீரும்வரை ஒரு வாரம் பொறுங்கள். அதுவும் இல்லை என்றால் தொடக்க விலைதான் காரணம். கால் பங்கு குறைத்து, வாரப் பயிற்சி நிலவரம் வெளியான பிறகு மீண்டும் ஏலத்தில் விடுங்கள்.